ஒரு ஜிஞ்சர்பிரெட் பொம்மைக்கு 12 கிராம்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையா படிங்க.

போன ஞாயித்துக்கிழமை வீட்ல ஜிஞ்சர்பிரெட் குக்கீ சுட்டோம். என் மருமகன், அக்கா பையன், ஒன்பது வயசு. அவன் ஒரு குக்கீயைக் கடிச்சுக்கிட்டு நிக்கிற போட்டோவை அக்கா குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல போட்டா. அரை மணி நேரத்துல எனக்கு மூணு போன்.

"பிள்ளைக்கு சுகர் இருக்குல்லா டே, இதெல்லாம் கொடுக்கலாமா?"

"என்னத்த டாக்டரு நீ, நீயே இப்படிப் பண்ணா எப்படி?"

"கருப்பட்டி போட்டுதான செஞ்சிருக்கு? அப்ப ஒண்ணும் செய்யாது."

முதல் ரெண்டு பேரும் திட்டினாங்க. மூணாவது ஆள் ஆறுதல் சொன்னார். எனக்கு பயம் அந்த மூணாவது ஆளைப் பார்த்துதான்.

முதல்ல குக்கீ.

ஜிஞ்சர்பிரெட்ங்கிற பேர்ல பிரெட் இருந்தாலும் ரொட்டிக்கும் இதுக்கும் சம்பந்தம் கிடையாது. பழைய பிரெஞ்சு மொழியில பதப்படுத்தின இஞ்சிக்கு ஒரு பேர் இருந்துச்சு. அதோட வால் பகுதி ஆங்கிலேயர் வாயில போய் 'பிரெட்' ஆயிடுச்சு. 'ஜிஞ்சர்'ங்கிற முன் பகுதியோ கிரேக்கம், லத்தீன் எல்லாம் சுத்திட்டுப் போன சொல். அதோட வேரைத் தேடிப்போன மொழியாராய்ச்சிக்காரங்க கடைசியா வந்து நிக்கிறது நம்ம பக்கத்து 'இஞ்சி வேர்'ல.

ஜெர்மனியில நியூரம்பெர்க் இதோட உறவுக்காரப் பலகாரமான லெப்குக்கனுக்குப் பேர் போன ஊர். ஊரைச் சுத்திக் காடு, காட்டுல தேன். வணிகப் பாதைகள் சந்திக்கிற ஊருங்கிறதால கிழக்கேயிருந்து போன இஞ்சி, பட்டை, கிராம்பு எல்லாம் அங்க வந்து இறங்கும். 1643-லயே இதைச் சுடுறவங்களுக்குன்னு அங்க தனிச் சங்கம் இருந்துச்சு.

எங்க தூத்துக்குடி, திருநெல்வேலிக்காரங்களுக்கு இவ்வளவு விளக்கமே வேண்டாம். சுக்குக் கருப்பட்டி தெரியும்ல? உடன்குடிப் பக்கம் ஓலைக் கொட்டான்ல வரும். அதை மைதாவுல பிசைஞ்சு சுட்டா என்ன வருமோ, அதுதான் இது. அச்சு முறுக்கு, முந்திரிக்கொத்து, அதிரசம் வரிசையில இதுக்கும் ஒரு இடம் கொடுக்கலாம். மருமகன் யூடியூப்ல பார்த்துட்டு ரெண்டு வருஷமா நச்சரிச்சுட்டு இருந்தான்.

அளவு சொல்றேன், எழுதி வச்சுக்கோங்க. பின்னாடி கணக்குக்கு வேணும்.

மைதா 350 கிராம். கருப்பட்டி 150 கிராம். உப்பில்லாத வெண்ணெய் 115 கிராம். முட்டை ஒண்ணு. சுக்குப் பொடி 2 டீஸ்பூன், பட்டைப் பொடி ஒன்றரை, கிராம்புப் பொடி கால், ஜாதிக்காய் ஒரு சிட்டிகை, சமையல் சோடா அரை டீஸ்பூன், உப்பு கொஞ்சம்.

வெளிநாட்டு ரெசிபில மொலாசஸ் கேப்பாங்க. அதோட வேலையைக் கருப்பட்டி இன்னும் நல்லாவே செய்யும். ஆனா நேரா தட்டிப் போட்டுடாதீங்க, மண்ணு கடிக்கும். ரெண்டு ஸ்பூன் தண்ணி விட்டுக் காய்ச்சி, வடிகட்டி, நல்லா ஆற விட்டு அப்புறம் சேருங்க. சூடா ஊத்தினா முட்டை வெந்துடும், வெண்ணெய் உருகிடும்.

பிசைஞ்ச மாவு கையில ஒட்டும். பயந்துபோய் மேல மேல மைதா சேர்த்தீங்கன்னா குக்கீ வரட்டியாயிடும். ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜ்ல வச்சா தானா இறுகிடும். அப்புறம் அரை சென்டிமீட்டர் கனத்துக்குத் தேய்ச்சு, அச்சுல வெட்டி, 175 டிகிரியில 10 நிமிஷம். வெளிய எடுக்கும்போது மெத்துன்னுதான் இருக்கும். வேகலையோன்னு திரும்ப உள்ள வைக்காதீங்க. ஆறினா மொறுமொறுப்பாயிடும்.

அலங்காரத்துக்குப் பச்சை முட்டை வெள்ளைக்கரு அடிச்சு ஐசிங் போடுறது வழக்கம். தூத்துக்குடி மக்ரூன்லயும் அதே வெள்ளைக்கருவும் சீனியும்தான், ஆனா அது அடுப்புக்குள்ள போய் வருது. இந்த ஐசிங் போகாது. வீட்ல சின்னப் பிள்ளைங்க, கர்ப்பிணிகள், வயசானவங்க இருந்தா சால்மொனெல்லா கிருமியோட எதுக்கு விளையாட்டு? நாங்க 80 கிராம் ஐசிங் சுகர்ல சொட்டுச் சொட்டா பால் விட்டுக் குழைச்சோம். கொஞ்சம் மெதுவா காயும், அவ்வளவுதான். பச்சை மாவை நக்குற பிள்ளைங்களையும் தடுங்க. முட்டை மட்டும் இல்ல, வேகாத மைதாவுலயும் கிருமி இருக்கலாம். நம்ம வீட்ல இது யாருக்கும் தெரியிறதில்ல.

சரி, இப்ப கணக்கு.

100 கிராம் மைதாவுல சுமார் 75 கிராம் மாவுச்சத்து. 350 கிராமுக்கு 262 கிட்ட வரும்.

கருப்பட்டியில 100-க்கு 90-ன்னு வச்சுக்கிட்டோம். 150 கிராமுக்கு 135.

வெண்ணெய்லயும் முட்டையிலயும் கணக்குல எடுக்கிற அளவுக்கு இல்ல. மொத்தம் 400-ன்னு முழுசாக்கிக்கிட்டோம்.

வந்தது 40 பொம்மை. அப்ப ஒரு பொம்மைக்கு 10 கிராம். ஐசிங் 80 கிராமை 40-ஆல வகுத்தா 2. ஆக 12 கிராம்.

இந்தக் கணக்கை நான் போடலை. பழைய காலண்டர் தாளோட பின்பக்கம் மருமகன் போட்டான். வகுத்தல்ல ஒரு தடவை தப்பு வந்துச்சு, அவனே அடிச்சுத் திருத்தினான். அப்புறம் ஐசிங் கோன் கைக்கு வந்ததும் சட்டை பட்டன், சிரிச்ச வாய் எல்லாம் வரைஞ்சு முடிச்சுட்டு, ஒவ்வொரு பொம்மையோட வயித்துலயும் 12, 12, 12-ன்னு எழுதினான். நாங்க யாரும் சொல்லிக் கொடுக்கலை. ஒரு பொம்மைக்கு மட்டும் 13 எழுதிட்டு, "இவன் கொஞ்சம் குண்டு மாமா"ங்கிறான்.

இந்தப் பிள்ளைக்கு இருக்கிறது டைப் 1 நீரிழிவு. அதாவது இன்சுலின் சுரக்குற கணையத்து பீட்டா செல்களை அவன் உடம்போட எதிர்ப்பு சக்தியே அழிச்சிடுச்சு. இனிப்பு சாப்பிட்டதால வந்ததில்ல. அக்கா கர்ப்பமா இருந்தப்ப மாம்பழம் தின்னதால வந்ததில்ல. ஆமா, அதையும் ஒருத்தர் அவ முகத்துக்கு நேரா சொன்னார். நம்ம அப்பா அம்மாவுக்கு நாப்பது வயசுக்கு மேல வர்ற டைப் 2 வேற, இது வேற. அங்க நடைப்பயிற்சி, உணவுக் கட்டுப்பாடு, மாத்திரைன்னு பல வழி இருக்கு. இங்க உடம்புல இன்சுலின் கிட்டத்தட்ட இல்லவே இல்ல. வெளியிலிருந்து ஊசியா கொடுத்தே ஆகணும். மாத்திரை வேலைக்காகாது. கசாயம் வேலைக்காகாது. பட்டினியும் வேலைக்காகாது.

பட்டினிச் சிகிச்சைன்னு ஒண்ணு உண்மையிலேயே இருந்துச்சு.

இன்சுலின் வர்றதுக்கு முன்னாடி, அமெரிக்காவுல ஃப்ரெடெரிக் ஆலன்ங்கிற மருத்துவர் பரப்பின முறை அது. டைப் 1 வந்த பிள்ளைக்குச் சாப்பாட்டை ஒரு நாளைக்குச் சில நூறு கலோரி வரைக்கும் குறைச்சு, எலும்பும் தோலுமா உயிரை மட்டும் பிடிச்சு வைக்கிறது. கொடூரம்தான். ஆனா அன்னைக்கு இருந்த ஒரே வழி அதுதான்.

அமெரிக்க வெளியுறவு அமைச்சரா இருந்த சார்லஸ் எவன்ஸ் ஹியூஸோட மகள் எலிசபெத்துக்கு 1919-ல இந்த நோய் வந்துச்சு. அமைச்சர் வீட்டுப் பிள்ளை, பணத்துக்குக் குறைவில்ல, ஆனா ஒவ்வொரு கவளமும் நிறுத்துதான் தட்டுக்கு வரும். மூணு கிறிஸ்துமஸ் அப்படிப் போச்சு. 1922 ஆகஸ்ட்ல டொரன்டோவுக்கு, பான்டிங் கிட்ட கொண்டு போனப்ப அவளுக்குப் பதினஞ்சு வயசு நெருங்கிட்டு இருந்துச்சு. எடை 20 கிலோ. நம்ம ஒண்ணாங் கிளாஸ் பிள்ளை எடை!

அந்த வருஷம் ஜனவரியிலதான் உலகத்துலயே முதல் தடவையா லெனார்ட் தாம்ஸன்ங்கிற 14 வயசுப் பையனுக்கு இன்சுலின் போட்டிருந்தாங்க. எலிசபெத்துக்கும் போட ஆரம்பிச்சாங்க. சாப்பிட ஆரம்பிச்சா. எடை ஏறிச்சு. அந்த வருஷம் முடியிறதுக்குள்ள வீட்டுக்குத் திரும்பிட்டா. அப்புறம் படிச்சு, கல்யாணம் பண்ணி, பிள்ளை பெத்து, 1981 வரைக்கும் வாழ்ந்தா.

நூறு வருஷம் தாண்டிடுச்சு. இன்னைக்கு அரசு மருத்துவமனையில இன்சுலின் இலவசம். ஆனா நம்ம பந்தியில, கோயில் விழாவுல, பர்த்டே பார்ட்டியில, டைப் 1 பிள்ளையை மட்டும் தனியா உக்கார வச்சு "பாவம், உனக்கு வேண்டாம்மா"ன்னு சொல்றோம். ஆலன் காலத்துச் சாப்பாட்டு முறையை நாம இன்னும் பாசம்ங்கிற பேர்ல நடத்திட்டு இருக்கோம்.

அந்தப் பிள்ளை என்ன பண்ணும்? திருட்டுத்தனமா தின்னும். எத்தனை தின்னோம்னு வீட்ல சொல்லாது. சொல்லாததுக்கு ஊசி போட முடியாது. சர்க்கரை 400-ல நிக்கும். காரணம் யாருக்கும் தெரியாது. ஓ.பி.யில இந்தக் கதையை எத்தனை தடவை கேட்டிருக்கேன்னு கணக்கில்ல.

மருமகன் அன்னைக்கு ரெண்டு பொம்மை சாப்பிட்டான். 24 கிராம். அவன் டாக்டர் அவனுக்குக் கொடுத்திருக்கிற கணக்கு, 15 கிராம் மாவுச்சத்துக்கு 1 யூனிட். ஒன்றரை யூனிட் போட்டுக்கிட்டான், பதினஞ்சு நிமிஷம் கழிச்சு சாப்பிட்டான். ரெண்டு மணி நேரம் கழிச்சுப் பார்த்தப்ப 168. போதும்.

இது அவனோட கணக்கு. தயவுசெஞ்சு உங்க பிள்ளைக்கு இதையே போடாதீங்க. ஒவ்வொரு பிள்ளைக்கும் விகிதம் வேற, சில சமயம் ஒரே பிள்ளைக்கே காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. நிறைய பிள்ளைங்க காலை, மாலைன்னு நிலையான அளவு இன்சுலின்ல இருப்பாங்க. அவங்க சாப்பாட்டுக்கு மேல குக்கீ சேர்க்க முடியாது, சாப்பாட்டுல ஒண்ணை எடுத்துட்டு அந்த இடத்துல வைக்கணும். நடுத்தர இட்லி ஒண்ணுலயும் கிட்டத்தட்ட 12 கிராம்தான். மூணு இட்லி சாப்பிடுற பிள்ளை அன்னைக்கு ரெண்டு இட்லி, ஒரு பொம்மை. இட்லியும் குக்கீயும் சத்துல ஒண்ணா? இல்லவே இல்ல. தினமும் மாத்தலாமா? கூடாது. பண்டிகைக்கு மாத்தலாம். எப்படின்னு உங்க டாக்டர்கிட்ட முன்னாடியே கேட்டு வச்சுக்கோங்க. கேட்டா திட்டுவாங்கன்னு நினைச்சுக் கேக்காம விட்டுடாதீங்க.

இப்ப அந்த மூணாவது போன்.

"கருப்பட்டிதான, ஒண்ணும் செய்யாது."

கருப்பட்டியில பெரும்பகுதி சுக்ரோஸ். வெள்ளைச் சீனியில இருக்கிற அதே சுக்ரோஸ். கூடக் கொஞ்சம் தாது உப்புகள் இருக்கு, வாசனை இருக்கு, பனையேறியோட உழைப்பு இருக்கு. எனக்கு உயிர். அதுக்காக ரத்தத்துல சர்க்கரை ஏறாதுன்னு அர்த்தமில்ல. நாட்டுச்சர்க்கரை, வெல்லம், தேன் எல்லாத்துக்கும் இதே பதில்தான். போதாக்குறைக்கு, கடைக் கருப்பட்டி பாதியில சீனி கலக்குறது எங்க ஊர்ல ரகசியமே இல்ல.

"இனிப்பு கொடுக்காதே"ன்னு சொல்றவர் பிள்ளையோட சந்தோஷத்தைக் கெடுக்கிறார். "இது ஒண்ணும் செய்யாது"ன்னு சொல்றவர் ஊசியையே தேவையில்லைன்னு ஆக்குறார். இன்னைக்குக் கருப்பட்டிக்கு ஊசி வேண்டாம்பார். நாளைக்கு ஏதோ ஒரு பொடியைக் குடிச்சா இன்சுலினே வேண்டாம்பார். அப்படி நிறுத்தின பிள்ளைங்க எங்க வார்டுக்கு வர்றாங்க. பேச்சு மூச்சில்லாம வர்றாங்க. எல்லாரும் திரும்பிப் போறதில்ல.

ஆச்சிக்கும் ஒரு வார்த்தை. எங்க ஆச்சிக்கு டைப் 2, மாத்திரைதான். "அவனுக்கு ரெண்டு, எனக்கு ஒண்ணாலே?"ன்னு சண்டை. அவளுக்கு ஊசியால சரிக்கட்டுற வழி கிடையாது, அதான் ஒண்ணு. சாயங்காலக் காப்பியில சீனி இல்லாம, அதுகூட ஒண்ணு. ஒத்துக்கிட்டா. ரெண்டாவதை எப்ப எடுத்தான்னு யாருக்கும் தெரியாது.

கிறிஸ்துமஸ் அன்னைக்கு இன்னொரு சிக்கல் இருக்கு. இது நேர் எதிர்.

முந்தின ராத்திரியெல்லாம் கேரல் ரவுண்ட்ஸ்ல தெருத்தெருவா குதிச்சிருப்பாங்க. தூக்கம் இல்ல. விடியற்காலை ஆராதனைக்கு வெறும் வயித்தோட கிளம்புவாங்க. இன்சுலின் போடுற பிள்ளைக்கு அப்ப சர்க்கரை 70-க்குக் கீழ இறங்கலாம். கை நடுங்கும், வேர்க்கும், முகம் வெளிறும், காரணமில்லாம எரிஞ்சு விழும். பிள்ளை ஆராதனையில தூங்கி வழியுதுன்னு நினைச்சு விட்டுடாதீங்க.

அந்த நேரத்துல இந்தக் குக்கீயைக் கொடுக்கக் கூடாது. இதுல வெண்ணெய் இருக்கு. கொழுப்பு இருந்தா சர்க்கரை ரத்தத்துல சேர லேட்டாகும். குளுக்கோஸ் பொடி மூணு டீஸ்பூன் தண்ணில கலக்கிக் கொடுங்க. அது இல்லைன்னா சீனித் தண்ணி. பதினஞ்சு நிமிஷம் கழிச்சு திரும்ப டெஸ்ட் பண்ணுங்க. சரியானதுக்கு அப்புறம் பொம்மை தின்னலாம். நினைவு தப்பியிருந்தா வாயில எதுவும் ஊத்தாதீங்க, 108-ஐக் கூப்பிடுங்க. மருமகனோட கிறிஸ்துமஸ் சட்டைக்கு அக்கா ரெண்டு பாக்கெட் வச்சுத் தைக்கச் சொல்லியிருக்கா. ஒண்ணு காணிக்கைக்கு, ஒண்ணு குளுக்கோஸுக்கு.

கடைசியா ஒண்ணு. இதை டைப் 1 இல்லாத வீட்டுக்காரங்கதான் முக்கியமா படிக்கணும்.

மருமகனுக்கு இந்த நோய் தெரிஞ்சது ஜூன்ல. மூணு வாரமா சொம்பு சொம்பா தண்ணி குடிச்சான். எட்டு வயசுப் பையன் திரும்பப் படுக்கையை நனைச்சான். மெலிஞ்சான். "பிள்ளை உயரமாகுது"ன்னாங்க. அப்புறம் வாந்தி, வயித்துவலி. ஆச்சி சுக்குக் கசாயம் வச்சுக் கொடுத்தா. வாந்திக்குச் சுக்கு கொடுக்கிறது நம்ம வழக்கம், அவ மேல குத்தம் சொல்ல ஒண்ணுமில்ல. பக்கத்துல ஒரு கிளினிக்ல அஜீரணம்னு மருந்து கொடுத்தாங்க. ரத்தத்துல சர்க்கரை பார்க்கலை.

மூணாம் நாள் அக்கா எனக்கு வீடியோ கால் போட்டா. அவன் ஆழமா, வேகமா, ஓடி வந்து நின்ன மாதிரி மூச்சு விட்டுட்டு இருந்தான். நெஞ்சுல சளி இல்ல, காய்ச்சல் இல்ல. அந்த மூச்சுக்கு ஒரு பேர் இருக்கு, குஸ்மால் மூச்சு. ரத்தத்துல அமிலம் ஏறினா உடம்பு அதை வெளியேத்தப் போராடுற மூச்சு. "எதையும் எடுக்காத, பிள்ளையைத் தூக்கிட்டு ஓடு"ன்னேன். சர்க்கரை 486. ரெண்டு நாள் ஐ.சி.யு.

டிசம்பர் கடைசி வாரம் பிள்ளைங்க வாந்தி எடுத்தா எல்லார் வாயிலயும் ஒரே காரணம்தான் வரும்: "கேக்கும் பிரியாணியும் ஒத்துக்கல." பெரும்பாலும் அது சரியாத்தான் இருக்கும். ஆனா அந்தப் பிள்ளை சமீபத்துல நிறையத் தண்ணி குடிச்சுதா, நிறைய ஒண்ணுக்குப் போச்சா, படுக்கையை நனைச்சுதா, மெலிஞ்சுதான்னு ஒரு நிமிஷம் யோசிங்க. இதுல ஒண்ணு இருந்தாலும் விரல் நுனியில ஒரு சொட்டு ரத்தம் எடுத்து சர்க்கரை பார்க்கச் சொல்லுங்க. டாக்டர் கேக்கலைன்னாலும் நீங்க கேளுங்க. ஆரம்ப சுகாதார நிலையத்துல கூட அந்த மெஷின் இருக்கு, ஒரு நிமிஷ வேலை. மூச்சு வாங்குச்சுன்னா அதுக்கும் காத்திருக்காதீங்க, நேரா பெரிய ஆஸ்பத்திரி கேஷுவாலிட்டி.

பண்டிகை நாள், யாரும் இருக்க மாட்டாங்கன்னு நினைக்க வேண்டாம். டிசம்பர் 25 காலையில எட்டு மணியிலிருந்து மறுநாள் எட்டு மணி வரைக்கும் எங்க ஆஸ்பத்திரியில டியூட்டி எனக்குத்தான். ஒரு டப்பா பொம்மையோட உக்காந்திருப்பேன்.